பழைய அமெரிக்க வானொலிப் போலீஸ் நாடகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரவு விளக்கை அணைத்துவிட்டு, காதில் ஹெட்போன் மாட்டி, அரை மணி நேரம் ஒரு பழைய வானொலி நாடகம் கேட்டுவிட்டுத் தூங்குவது எனக்குப் பல வருடப் பழக்கம். அதிலும் 1930-களிலிருந்து 1950-கள் வரை அமெரிக்காவில் ஒலிபரப்பான போலீஸ் நாடகங்கள் மேல் தனிப் பிரியம். தெரிந்தவர்களுக்கெல்லாம் லிங்க் அனுப்பிக் கேட்க வைத்ததில் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வந்தன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொன்னதை இங்கே ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

போலீஸ் நாடகம்னு தனியா ஏன் சொல்றீங்க? துப்பறியும் நாடகம்தானே எல்லாம்?

இல்லை. அந்தக் கால வானொலியில் தனியார் துப்பறிவாளர்கள் ஏராளம். சாம் ஸ்பேட், ஃபிலிப் மார்லோ போன்றவர்கள். அவர்களுக்கு மேலதிகாரி கிடையாது, ஷிஃப்ட் கிடையாது, வாய்த்துடுக்கு உண்டு. ஜானி டாலர் என்று ஒருவர் வருவார். அவர் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகத் துப்பறிபவர், போலீஸ் அல்ல.

நான் சொல்வது மாதச் சம்பளம் வாங்கும் போலீஸ்காரர்களின் கதை. கூட ஒரு கூட்டாளி, மேலே ஒரு கேப்டன், எழுதி முடிக்க வேண்டிய ரிப்போர்ட், சாட்சி சொல்லப் போக வேண்டிய கோர்ட். இந்த அன்றாடத்தை வைத்தே அரை மணி நேரம் ஆளை உட்கார வைக்க முடியும் என்று காட்டியதுதான் இந்த வகையின் சாதனை.

எதுல ஆரம்பிக்கிறது? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, லிஸ்ட் வேண்டாம்.

டிராக்நெட். என்.பி.சி. வானொலியில் 1949-ல் தொடங்கி 1957 வரை வந்தது. டிராக்நெட் என்றால் இழுவலை. குற்றவாளியைப் பிடிக்க ஊரைச் சுற்றிப் போலீஸ் விரிக்கிற வலைக்கும் அதே பெயர்தான். லாஸ் ஏஞ்சலஸ் போலீஸில் சார்ஜென்ட் ஜோ ஃப்ரைடே என்பவர் கதை சொல்கிறார். நடித்தவர், இயக்கியவர், மொத்தத்தையும் உருவாக்கியவர் ஜாக் வெப்.

1950, 1951-ல் வந்த எபிசோடுகளில் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் குழு கை தேர்ந்துவிட்டது, ஃப்ரைடேயின் முதல் கூட்டாளி பென் ரொமேரோவும் இருப்பார். ஒவ்வொரு எபிசோடும் தனிக் கதை, வரிசையாகக் கேட்க வேண்டியதில்லை.

கேட்டேன் அண்ணா. ஒண்ணுமே நடக்கலையே! வீடு வீடா போய்க் கதவு தட்டிட்டே இருக்காங்க.

ஆமாம், அதுதான் விஷயம். ஆரம்பம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்: இன்ன கிழமை, இன்ன தேதி, ஊரில் வெயிலா மழையா, எந்தப் பிரிவில் பகல் டியூட்டியா இரவு டியூட்டியா, கூட்டாளி பெயர், மேலதிகாரி பெயர், கடைசியாக ‘என் பெயர் ஃப்ரைடே’. அதிலேயே அந்த மனிதனை நமக்குத் தெரிந்துவிடுகிறது. பிறகு அவன் படி ஏறுகிறான், ஃபோன் சுழற்றுகிறான், ஒரு பெண்மணியிடம் பத்துக் கேள்வி கேட்கிறான். ஒன்பதுக்குப் பிரயோஜனமில்லை. பத்தாவது கேள்விக்கு வரும் பதிலும் யோசிக்காமல் சொன்ன பதில்தான், ஆனால் அதில் ஒரு கார் நிறம் இருக்கும்.

ஒரு எபிசோடில் ஃப்ரைடே வெளியூருக்கு டிரங்க் கால் போடுவார். யூட்டா மாநிலத்தில் ஃபவுன்டன் க்ரீன் என்ற சின்ன ஊர். வேறு நாடகமாக இருந்தால் ‘ஹலோ’ என்று உடனே மறுமுனை பேசிவிடும். இங்கே ஆபரேட்டர் அடுத்த ஊர் ஆபரேட்டரைக் கூப்பிடுகிறாள், அவள் அதற்கு அடுத்தவளைக் கூப்பிடுகிறாள், கம்பிக்குள் கிளிக் கிளிக் என்று சத்தம், குரல்கள் தூரம் போகப் போக மெலிகின்றன. நாமும் அவரோடு ரிசீவரைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறோம். எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில் ஃபோன் இருந்த காலத்தில், டிரங்க் கால் புக் பண்ணிவிட்டுத் திண்ணையில் காத்திருந்தவர்களுக்கு அந்தக் காத்திருப்பு தெரியும். முதல் முறை கேட்டபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

நடிப்பும் அப்படித்தான். யாரும் கத்த மாட்டார்கள். பெற்ற பிள்ளை செத்துப் போன செய்தி கேட்கும் அம்மாகூட, முதலில் ‘காபி போடட்டுமா’ என்று கேட்கிற மாதிரியான குரலில்தான் பேசுவாள். பொறுமையாக மூன்று எபிசோடு கேளுங்கள். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் கேங் பஸ்டர்ஸுக்குப் போய்விடுங்கள். அதைப் பற்றிக் கீழே சொல்லியிருக்கிறேன்.

அந்த நடக்கிற சத்தம், கதவுச் சத்தமெல்லாம் எப்படிப் பண்ணாங்க?

ஸ்டுடியோவுக்குள்ளேயே. நடிகர்கள் மைக் முன்னால் ஸ்கிரிப்ட் தாளோடு நிற்க, பக்கத்தில் ஒலி ஆட்கள் சின்னக் கதவு, பூட்டு, படிக்கட்டு, சரளைக்கல் தட்டு எல்லாம் வைத்துக்கொண்டு நிற்பார்கள். சாதாரண நாடகத்துக்கு ஒருவரோ இருவரோ போதும். டிராக்நெட்டில் ஐந்து பேர் வரை வேலை செய்தார்கள். ஒருவர் ஃப்ரைடேயின் காலடி, இன்னொருவர் கூட்டாளியின் காலடி, இன்னொருவர் தெருவில் போகிற கார் என்று பிரித்துக்கொண்டால்தான் இரண்டு பேர் சேர்ந்து நடப்பது இரண்டு பேர் நடப்பது போலக் கேட்கும். ஹெட்போனில் கேட்டால் இது தெளிவாகப் பிடிபடும்.

அந்த ‘டம் ட டம் டம்’ மியூசிக் யாருது?

வால்டர் ஷூமன் எழுதியது என்றுதான் அறிவித்தார்கள். ஆனால் 1946-ல் வந்த ‘தி கில்லர்ஸ்’ படத்துக்கு மிக்லோஷ் ரோஷா போட்ட இசையில் அதே நான்கு ஸ்வரம் இருக்கிறது. வழக்கு வந்து, கடைசியில் இருவருக்கும் பங்கு என்று முடிந்தது.

ஜாக் வெப் நிஜப் போலீஸ்காரரா சார்?

நடிகர்தான். 1920-ல் கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகாவில் பிறந்தவர். போருக்குப் பிறகு சான் ஃபிரான்சிஸ்கோ வானொலியில் ‘பாட் நோவாக் ஃபார் ஹயர்’ என்ற நாடகத்தில் வாய்த்துடுக்கான ஹீரோவாகப் பெயர் வாங்கினார். முதல் பதிலில் சொன்ன தனியார் துப்பறிவாளர் ரகம் அது. வரிக்கு ஒரு உவமை இல்லாமல் பேச மாட்டார்.

1948-ல் ‘ஹி வாக்ட் பை நைட்’ என்ற படத்தில் போலீஸ் ஆய்வுக்கூட ஊழியராகச் சின்ன வேடம். அந்தப் படத்துக்கு ஆலோசகராக வந்திருந்தவர் மார்ட்டி வின் என்ற லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் சார்ஜென்ட். நிஜமான கேஸ் ஃபைல்களை வைத்து ஒரு நாடகம் பண்ணலாமே என்ற யோசனை அந்தப் பழக்கத்தில் பிறந்தது. வெப் ரோந்து காரில் கூடவே சுற்றினார், போலீஸ்காரர்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டார். அவ்வளவு உவமை பேசியவர் அத்தனையையும் தூக்கிப் போட்டுவிட்டு ‘ஆமாம் மேம்’, ‘இல்லை சார்’ என்று பேசக் கற்றுக்கொண்டார். எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது இதனால்தான். 1982-ல் அவர் இறந்தபோது, ஃப்ரைடே டிவியில் அணிந்த 714 என்ற பேட்ஜ் எண்ணை லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் இனி யாருக்கும் தருவதில்லை என்று ஓய்வு கொடுத்தது.

ஆரம்பத்துல ‘கதை உண்மை, பெயர்கள் மட்டும் மாற்றப்பட்டுள்ளன’ன்னு சொல்றாங்களே. நெசமாவே நடந்ததா?

அடிப்படை உண்மை. போலீஸ் துறை ஃபைல்களைத் திறந்து கொடுத்தது, ஸ்கிரிப்டையும் பார்த்தது. குற்றம், பிடிபட்ட விதம், கோர்ட் தீர்ப்பு எல்லாம் அங்கிருந்து வந்தவை. அதனால்தான் ஒவ்வொரு எபிசோடின் முடிவிலும் விசாரணை முடிவைப் படிப்பார்கள்: எத்தனை வருடம், எந்தச் சிறை. சில நேரம் சான் குவென்டின் சிறையின் விஷவாயு அறை. அந்த வரியை அவர்கள் படிக்கும் தட்டையான தொனி பழகவே பழகாது.

ஆனால் அரை மணி நேரத்துக்குள் அடக்க வேண்டும் அல்லவா? பத்துப் போலீஸ்காரர்கள் மாதக்கணக்கில் செய்த வேலை ஃப்ரைடே, ரொமேரோ என்ற இரண்டு பேர் தலையில் ஏறும். ஒரு வாரம் திருட்டுப் பிரிவு, அடுத்த வாரம் கொலைப் பிரிவு, அதற்கடுத்த வாரம் காணாமல் போனவர் பிரிவு என்று ஒரே ஆள் மாறிக்கொண்டே இருப்பது நிஜத்தில் நடக்காது. பேச்செல்லாம் எழுத்தாளர் எழுதியது; நல்ல ஸ்கிரிப்ட் பலவற்றில் ஜேம்ஸ் மோசர் என்பவரின் கை இருக்கிறது.

‘ஜஸ்ட் த ஃபேக்ட்ஸ், மேம்’ எந்த எபிசோட்ல வருது? தேடித் தேடிப் பார்த்துட்டேன்.

தேட வேண்டாம். அந்த வரி அப்படியே வராது. ‘எங்களுக்கு வேண்டியதெல்லாம் விவரம்தான் மேம்’ என்ற பொருளில் ஃப்ரைடே பேசுவதுண்டு. 1953-ல் ஸ்டான் ஃப்ரீபெர்க் என்ற நகைச்சுவைக் கலைஞர் டிராக்நெட்டைக் கிண்டல் செய்து ஒரு இசைத்தட்டு போட்டார். அது தாறுமாறாக விற்றது. ஃப்ரைடே பேசியதாக ஊரெல்லாம் சொல்லும் வரி பரவியதில் அந்தத் தட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

ரொமேரோ நல்லாத்தானே இருந்தார்? திடீர்னு வேற ஒருத்தர் பேசறார்?

ரொமேரோவாக நடித்த பார்ட்டன் யார்பரோ 1951 டிசம்பர் 19 அன்று மாரடைப்பில் இறந்துவிட்டார். டிராக்நெட்டின் முதல் டிவி எபிசோடு வெளியாகி மூன்றே நாள். அதிலும் ரொமேரோ அவர்தான்.

வேறு குரலைப் போட்டு ஒப்பேற்றியிருக்கலாம். வெப் செய்யவில்லை. டிசம்பர் 27 அன்று ‘தி பிக் சாரோ’ என்ற எபிசோடில் ரொமேரோவும் மாரடைப்பில் இறந்துவிட்டதாகவே சொன்னார்கள். கூட வேலை செய்தவன் போன பிறகும் கேஸ் நிற்பதில்லை. ஃப்ரைடே போய் வேலையைப் பார்க்கிறார். குரலில் எதுவும் கூடுவதில்லை, குறைவதும் இல்லை. அந்த வாரம் ஸ்டுடியோவில் அவர்கள் எப்படி இருந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே கேட்டால் தொண்டை அடைக்கும். தயவுசெய்து இதை முதலில் கேட்காதீர்கள். ஒரு இருபது எபிசோடு ரொமேரோவோடு பழகிவிட்டு வாருங்கள். அவர் மனைவியைப் பற்றியும், உடம்புக்கு வந்ததைப் பற்றியும் பேசுவதைக் கேட்டுவிட்டு வந்தால்தான் இது தைக்கும். அப்புறம் பார்னி ஃபிலிப்ஸும், அவருக்குப் பின் ஃப்ராங்க் ஸ்மித் என்ற வேடத்தில் பென் அலெக்சாண்டரும் கூட்டாளியாக நிலைத்தார்கள்.

அந்தக் கிறிஸ்துமஸ் துப்பாக்கி கதையை என் பையனுக்குப் போட்டுக் காட்டலாமா அண்ணா? ஒன்பது வயசு.

நான் என்றால் போட மாட்டேன். அவர் கேட்பது 1949 டிசம்பரில் முதலில் ஒலிபரப்பான எபிசோடைப் பற்றி. கிறிஸ்துமஸுக்கு இரண்டு மூன்று நாள் முன்பு ஒரு சிறுவனைக் காணவில்லை. வீட்டில் அவனுக்காக வாங்கி மறைத்து வைத்திருந்த .22 துப்பாக்கிப் பரிசும் காணவில்லை. அவன் சிநேகிதனும் காணவில்லை. பிறகு முதல் சிறுவன் மட்டும் திரும்பி வருகிறான்.

கதையின் முடிவைச் சொல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. கேட்க நினைப்பவர்கள் அடுத்த கேள்விக்குத் தாவிவிடலாம். விளையாடும்போது துப்பாக்கி வெடித்துச் சிநேகிதன் செத்துவிட்டான். பயந்துபோன சிறுவன் உடலை மறைத்து வைத்துவிட்டு, சிநேகிதன் பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்திருக்கிறான். செத்த பையனின் அப்பா, மகனுக்காக வாங்கி வைத்த பரிசுப் பொட்டலங்களையெல்லாம் எடுத்துப்போய் உயிரோடு திரும்பிய அந்தச் சிறுவனுக்கே கொடுக்கிறார். பண்டிகை வாரத்தில், விளம்பரதாரர் பணம் கொடுத்து நடத்துகிற நிகழ்ச்சியில், இப்படி ஒரு கதையைப் போடத் துணிவு வேண்டும். நீங்கள் தனியாகக் கேளுங்கள். பையனுக்கு 1953 கிறிஸ்துமஸுக்கு வந்த ‘தி பிக் லிட்டில் ஜீசஸ்’ போதும். ஒரு ஏழைப் பகுதி சர்ச்சில் குழந்தை இயேசு சிலை காணாமல் போகிற கதை, பயம் இல்லை.

டிராக்நெட்டுக்கு முன்னாடி போலீஸ் நாடகமே இல்லையா?

நிறைய. ‘காலிங் ஆல் கார்ஸ்’ 1933 முதல் 1939 வரை மேற்குக் கடற்கரையில் ஓடியது. இதுவும் லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் கேஸ்கள்தான். விளம்பரதாரர் ரியோ கிராண்டே என்ற எண்ணெய்க் கம்பெனி. போலீஸ் கார்கள் எங்கள் பெட்ரோலில்தான் ஓடுகின்றன என்பது அவர்கள் விளம்பரம். ஒயர்லெஸ்ஸில் கார்களுக்குச் செய்தி சொல்லும் குரல் வருகிறதே, அது நடிகர் அல்ல. ஜெஸ்ஸி ரோசன்க்விஸ்ட் என்ற நிஜப் போலீஸ் அறிவிப்பாளர். அந்த உலர்ந்த குரல்தான் பின்னால் ஃப்ரைடே பேசிய பாஷைக்கு மூலம் என்பது என் எண்ணம்.

இன்னொரு பக்கம் ஃபிலிப்ஸ் லார்ட் உருவாக்கிய ‘கேங் பஸ்டர்ஸ்’. 1935-ல் ‘ஜி-மென்’ என்ற பெயரில் எஃப்.பி.ஐ. கதைகளாகத் தொடங்கியது, முதல் கதை ஜான் டிலிஞ்சர் என்ற வங்கிக் கொள்ளைக்காரனைப் பற்றியது. எஃப்.பி.ஐ. தலைவர் ஜே. எட்கர் ஹூவர் ஸ்கிரிப்டில் தலையிட்டதில் ஒத்துவராமல், 1936 ஜனவரியில் பெயரை மாற்றி எல்லா ஊர்ப் போலீஸ் கதைகளையும் எடுக்க ஆரம்பித்தார் லார்ட். 1957 வரை ஓடியது. விசில், சைரன், இயந்திரத் துப்பாக்கி, அணிவகுத்து நடக்கும் கைதிகளின் பூட்ஸ் என்று காதைப் பிளக்கும் ஆரம்பம். ஆர்ப்பாட்டமாக நுழைவதைச் சொல்ல ‘கேங் பஸ்டர்ஸ் மாதிரி’ என்று ஆங்கிலத்தில் சொல்வார்களே, அது இதிலிருந்து வந்ததுதான். முடிவில் தேடப்படும் நிஜக் குற்றவாளிகளின் அங்க அடையாளம் வாசிப்பார்கள். அதைக் கேட்டு ஆட்கள் பிடிபட்டதும் உண்டு. சில காலம் கதை சொன்ன கர்னல் நார்மன் ஷ்வார்ஸ்கோஃப், புகழ்பெற்ற விமானி லிண்ட்பெர்க்கின் குழந்தை கடத்தப்பட்ட வழக்கின் விசாரணையை நடத்திய நியூ ஜெர்சி மாநிலப் போலீஸ் தலைவர். 1991 வளைகுடாப் போரில் பெயர் அடிபட்ட ஜெனரல் அவருடைய மகன்.

எஃப்.பி.ஐ. பேர்ல ரெண்டு நாடகம் கிடைக்குது. எது அசல்?

‘திஸ் இஸ் யுவர் எஃப்.பி.ஐ.’ ஹூவரின் ஆசி பெற்றது. 1945 முதல் 1953 வரை ஏ.பி.சி.யில் வந்தது. ‘தி எஃப்.பி.ஐ. இன் பீஸ் அண்ட் வார்’ ஒரு புத்தகத்தை வைத்து சி.பி.எஸ். 1944 முதல் 1958 வரை நடத்தியது. துறையின் அதிகாரபூர்வ நிகழ்ச்சி அல்ல.

கேட்பதற்கு எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். முதலாவதில் அதிகாரிகள் தப்பே செய்ய மாட்டார்கள், வேர்ப்பதுகூட இல்லை. இரண்டாவதில் கதை பெரும்பாலும் குற்றவாளியின் பக்கத்திலிருந்து போகும். தொடக்கத்தில் வரும் அணிவகுப்பு இசை ரஷ்ய இசையமைப்பாளர் புரோக்கோஃபியெவ் எழுதியது. நடுவில் ‘எல்-ஏ-வி-ஏ’ என்று தாளத்தோடு எழுத்துக் கூட்டுவது லாவா சோப்பு விளம்பரம்.

லாஸ் ஏஞ்சலஸ் போதும். வேற ஊர் போலீஸ் இருக்கா?

நியூயார்க்குக்கு இரண்டு. ‘பிராட்வே இஸ் மை பீட்’ (1949–1954) டேனி க்ளோவர் என்ற துப்பறிவாளரின் கதை. அதன் வசனம் கவிதை போல ஓடும். டிராக்நெட்டுக்கு நேர் எதிர். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், ஒரே தொழிலை இவ்வளவு வேறாகச் சொல்ல முடியுமா என்று தோன்றும். ‘21-ஸ்ட் பிரசிங்க்ட்’ (1953–1956) ஒரு ஸ்டேஷனுக்கு வரும் ஃபோன் அழைப்பிலிருந்து கதையைத் தொடங்கும். எவரெட் ஸ்லோன் அதில் ஸ்டேஷன் கேப்டன்.

பெயர் சொல்லாத ஒரு பெரிய அமெரிக்க நகரத்தின் போலீஸ் கதை ‘தி லைன்அப்’. டெக்சாஸுக்கு ‘டேல்ஸ் ஆஃப் த டெக்சாஸ் ரேஞ்சர்ஸ்’ (1950–1952). நடிகர் ஜோயல் மக்ரே. காரும் உண்டு, காருக்குப் பின்னால் டிரெய்லரில் குதிரையும் உண்டு. இங்கிலாந்தின் பி.பி.சி.யில் 1947 முதல் ‘பி.சி. 49’ என்று ஒரு கான்ஸ்டபிள் கதை வந்தது, கொஞ்சம் லேசான ரகம்.

எல்லாம் ஆம்பளைங்க கதையாவே இருக்கே. பெண் போலீஸ் இல்லையா?

குறைவு. 1946-ல் ஏ.பி.சி.யில் ‘போலீஸ்வுமன்’ என்ற கால் மணி நேர நாடகம் வந்தது. நியூயார்க் போலீஸில் பெண்கள் பிரிவுக்குத் தலைவியாக இருந்து ஓய்வுபெற்ற மேரி சல்லிவனின் அனுபவங்கள் அவை. நடித்தவர் பெட்டி கார்ட். தயாரித்தது மேலே சொன்ன அதே ஃபிலிப்ஸ் லார்ட். நீண்ட நாள் ஓடவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

சில எபிசோட்ல சிகரெட் விளம்பரம் வருது, சிலதுல இல்லையே. வெட்டிட்டாங்களா?

டிராக்நெட்டுக்கு முதலில் ஃபாத்திமா சிகரெட், பிறகு செஸ்டர்ஃபீல்டு விளம்பரம் கொடுத்தன. விளம்பரம் இல்லாத பிரதிகள் பெரும்பாலும் அமெரிக்கப் படையினருக்கான வானொலி சேவையிலிருந்து வந்தவை. வெளிநாட்டில் இருக்கும் வீரர்களுக்காக விளம்பரத்தை நீக்கித் தனி இசைத்தட்டாக அழுத்தி அனுப்பினார்கள். ஒலிபரப்பிய பின் அழித்துவிட வேண்டும் என்பது விதி. யாரோ சிலர் அழிக்காமல் வைத்திருந்ததால் நமக்குக் கிடைத்தது.

கரகரன்னு இருக்கு, குரல் வேற கொஞ்சம் கீச்சுன்னு கேக்குது. என் ஃபோன்ல கோளாறா?

ஃபோனில் கோளாறில்லை. அன்றைய ஒலிபரப்புகளைப் பெரும்பாலும் 16 அங்குலத் தட்டுகளில் பதிந்தார்கள். அலுமினியத்தின் மேல் லாக்கர் பூச்சு. போர்க் காலத்தில் அலுமினியம் கிடைக்காமல் கண்ணாடியின் மேலேயே பூசினார்கள். ஒரு பக்கத்துக்குச் சுமார் 15 நிமிடம், ஆக அரை மணி நாடகத்துக்கு இரண்டு பக்கம். நடுவில் திடீரென்று ஒலித்தரம் மாறுவது பக்கம் திரும்பிய இடம். தட்டிலிருந்து டேப், டேப்பிலிருந்து கேசட், கேசட்டிலிருந்து எம்.பி.3 என்று கை மாறும்போது எங்காவது வேகம் கூடியிருந்தால் குரல் கீச்சென்று ஆகும். ஒரே எபிசோடுக்கு இரண்டு மூன்று பிரதிகள் கிடைத்தால் ஃப்ரைடேயின் குரல் எதில் கனமாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

1940-களின் கடைசி வரை பெரிய நிறுவனங்கள் பதிந்ததை ஒலிபரப்புவதையே விரும்பவில்லை, எல்லாம் நேரடி. கிழக்குக் கரைக்கு ஒரு முறை நடித்துவிட்டு, சில மணி நேரம் கழித்து மேற்குக் கரைக்காக மறுபடி நடிப்பார்கள். தட்டில் பதிந்தது பெரும்பாலும் ஒலிபரப்பியதற்குச் சாட்சியாகத்தான். அதனால் கேங் பஸ்டர்ஸ் 21 வருடம் ஓடியும் மிச்சமிருப்பது கொஞ்சம்தான்.

ஆங்கிலம் வேகமா போகுது, பாதி புரியலை. என்ன செய்யறது மாமா?

வேகத்தை 0.9-க்குக் குறையுங்கள், அதற்குக் கீழே போக வேண்டாம். குரல் இழுபட்டுவிடும். முதல் தடவை கதை புரியாவிட்டால் பரவாயில்லை. காலடி, கதவு, கார் எங்கே நிற்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள். இரண்டாவது தடவை முக்கால்வாசி பிடிபடும். டிராக்நெட்டில் வாக்கியங்கள் சின்னவை, இதற்கு வசதி. பிராட்வேயைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நெட்ல சும்மா கிடைக்குதே, எடுத்து யூடியூப்ல போடலாம்ல?

கிடைப்பது வேறு, உரிமை இல்லாதது வேறு. இன்டர்நெட் ஆர்கைவில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, கேட்பதற்கு அதுவே போதும். ஆனால் அமெரிக்காவில் 2018-ல் வந்த சட்டப்படி 1923 முதல் 1946 வரை வெளியான ஒலிப்பதிவுகளுக்கு 100 ஆண்டும், 1947 முதல் 1956 வரை வெளியானவற்றுக்கு 110 ஆண்டும் பாதுகாப்பு உண்டு. வானொலியில் ஒலிபரப்பியது ‘வெளியீடு’ ஆகுமா என்பது தனிச் சிக்கல். ஸ்கிரிப்டுக்கும் இசைக்கும் தனி உரிமை. பழசு என்பதற்காகப் பொதுச்சொத்து என்று நினைத்துக் காசு பார்க்கக் கிளம்ப வேண்டாம்.

ஏன் நின்னு போச்சு?

டிவி. டிராக்நெட்டே 1951 டிசம்பர் முதல் இரண்டிலும் ஓடியது, பிறகு வானொலியில் பழைய பதிவுகளைத் திரும்பப் போட்டார்கள், 1957-ல் முடிந்தது. 1962 செப்டம்பர் 30 அன்று சி.பி.எஸ்.ஸின் கடைசி இரண்டு தொடர் நாடகங்கள் நின்றதோடு அந்தக் காலத்துக்கே முற்றுப்புள்ளி. அதில் ஒன்று ஜானி டாலர்.

போலீஸை இவ்வளவு நல்லவங்களா காட்டுறது பிரசாரம்தானே? நிஜத்துல அவங்க அப்படியா இருந்தாங்க?

பிரசாரம் கலந்ததுதான். மறைக்க வேண்டியதில்லை. ஃபைலைக் கொடுத்தவர்களே ஸ்கிரிப்டையும் பார்த்தார்கள் என்று மேலே சொன்னேன். தங்களுக்குப் பிடிக்காததை அவர்கள் எப்படி அனுமதிப்பார்கள்?

‘காலிங் ஆல் கார்ஸ்’ கேளுங்கள். ஆரம்பத்தில் போலீஸ் தலைவர் ஜேம்ஸ் டேவிஸே வந்து நீதி பேசுவார். அதே டேவிஸ் 1936-ல் தன் போலீஸ்காரர்கள் 136 பேரை மாநில எல்லைகளுக்கு அனுப்பி, பஞ்சம் பிழைக்க வந்த ஏழைகளை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பினார். 1938-ல் அவர் துறையின் உளவுப் பிரிவுக் கேப்டன் ஏர்ல் கைனெட், ஊழலை விசாரித்துக்கொண்டிருந்த ஒருவரின் காரில் குண்டு வைத்த வழக்கில் தண்டனை பெற்றார். டேவிஸும் அந்த ஆண்டே பதவியை விட்டுப் போனார்.

டிராக்நெட்டுக்கு வருவோம். ரொமேரோவின் சாவைச் சொன்ன எபிசோடு 1951 டிசம்பர் 27 என்று எழுதினேன். அதற்கு இரண்டு நாள் முன்பு, கிறிஸ்துமஸ் அதிகாலை, லாஸ் ஏஞ்சலஸ் நகரச் சிறையில் ஏழு இளைஞர்களைக் குடிபோதையில் இருந்த போலீஸ்காரர்கள் கூட்டமாகச் சேர்ந்து அடித்து நொறுக்கினார்கள். ஐந்து பேர் மெக்சிகோ வம்சாவளியினர். துறை அதை மூடி மறைத்து, மூன்று மாதம் கழித்துத்தான் பத்திரிகைகளுக்கு வந்தது. எட்டுப் போலீஸ்காரர்கள் மீது வழக்கு, ஐந்து பேருக்குத் தண்டனை. ‘இரத்தக் கிறிஸ்துமஸ்’ என்று இன்றும் அதற்குப் பெயர். ஃப்ரைடே இந்தக் கேஸை ஒருநாளும் விசாரிக்கவில்லை.

அப்புறம் எப்படி உங்களால ரசிச்சுக் கேட்க முடியுது?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் என் நெருங்கிய சிநேகிதி. அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

ஃப்ரைடேயை நான் லாஸ் ஏஞ்சலஸ் போலீஸின் சான்றிதழாகக் கேட்பதில்லை. ஒரு போலீஸ்காரன் இப்படி இருக்க வேண்டும் என்று சில நடிகர்களும் எழுத்தாளர்களும் ஒலி ஆட்களும் வாரா வாரம் உட்கார்ந்து கற்பனை செய்ததைக் கேட்கிறேன். அவன் யாரையும் ‘நீ வா போ’ என்று பேசுவதில்லை. குடிகாரனையும் ‘சார்’ என்கிறான், பாலியல் தொழில் செய்யும் பெண்ணையும் ‘மேம்’ என்கிறான். நம்மூர் ஸ்டேஷன் பெஞ்சில் ஒரு புகாருக்காக மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்த அனுபவம் எனக்கு உண்டு. அங்கே என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை, என் பெயரையும் கேட்கவில்லை. அன்று இரவு வீட்டுக்கு வந்து போட்ட எபிசோடில் ஃப்ரைடே ஒரு கிழவியிடம் அவள் பெயரைக் கேட்டு, எழுத்துக் கூட்டச் சொல்லி, சரியாக எழுதிக்கொண்டாரா என்று திரும்பப் படித்துக் காட்டினார். அந்த இடத்தை மட்டும் மூன்று தடவை திரும்ப ஓட்டிக் கேட்டேன்.